வாசகர் கேள்வி: எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும்

கேள்வி: அப்பா வாங்கிய 1992 மாடல் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன் அண்ணே. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பில் டயாபிரம் (உள்ளே இருக்கிற சவ்வு) இரண்டு தடவை கிழிந்து ஆயிலில் பெட்ரோல் கலந்துவிட்டது. வெறுத்துப் போய் எலக்ட்ரிக் பம்ப் மாட்டிவிட்டேன். எலக்ட்ரீசியன் இக்னிஷனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராக பம்ப்புக்குக் கொடுத்தார், நன்றாகவே ஓடுகிறது. ரிலேயும் ஆபத்துக்கு நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும் என்கிறார் நண்பர். தேவையா? ரிலேயில் எந்தக் காலுக்கு எந்த ஒயர்?
– காரைக்குடி வாசகர்

பதில்: தேவை தம்பி. ரிலே என்பது, உள்ளே இருக்கிற காயிலுக்கு (கம்பிச் சுருள்) சின்னக் கரண்ட் கொடுத்தால் பம்ப்புக்கான பெரிய கரண்டைச் சேர்த்துவிடுகிற சுவிட்ச். அதைவிட அந்த ஆபத்து சுவிட்ச் இன்னும் தேவை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஒயரிங் அப்புறம்.

நீங்கள் கழற்றிய பழைய பம்ப்பை எஞ்சினின் கேம் ஷாஃப்ட்தான் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தது. வண்டி மோதினாலும் கவிழ்ந்தாலும், எஞ்சின் நின்ற நொடியில் பெட்ரோல் வருவதும் நின்றுவிடும். அதற்கென்று தனியாக ஒரு சாமானும் இல்லாததால் அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே நமக்குத் தெரியவில்லை. எலக்ட்ரிக் பம்ப்புக்கு எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாது. கரண்ட் வந்தால் ஓடும், அவ்வளவுதான்.

மணப்பாறைப் பக்கம் ஒரு ராத்திரி, பள்ளத்தில் சாய்ந்து கிடந்த காரைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். ஓட்டியவரை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பேர், அதில் ஒருவர் கையில் எரிகிற பீடி. காருக்குப் பின்னாலிருந்து டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பம்ப்! முன்னால் பிய்ந்து தொங்கிய ஹோஸிலிருந்து பெட்ரோல் புல்லில் ஊற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் பொறி பறக்குமோ என்று பயம், சாவி இருந்த பக்கம் நசுங்கியிருந்ததால் எங்கள் யார் கையும் உள்ளே போகவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பையன் உடைந்த கண்ணாடி வழியாக ஒல்லிக் கையை விட்டு சாவியைத் திருப்பினான். அந்த டக் டக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் வண்டி இப்போது இருக்கிற நிலைமையும் அதுதான் தம்பி.

சரி, ஒயரிங். 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே என்று கேட்டு வாங்குங்கள். அடியில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு வாருங்கள். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற ஆளில்லை. 87-லிருந்து பம்ப்பின் பாசிட்டிவுக்குப் போங்கள், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் தாராளம். பம்ப்பின் நெகட்டிவை பெயின்ட் சுரண்டிய பாடி இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். 85-ம் 86-ம் காயிலின் இரண்டு முனைகள். 85 எர்த். 86-க்குத்தான் பாதுகாப்பெல்லாம் வந்து சேரப்போகிறது. சில ரிலேக்களுக்குள் டையோடு (ஒரு பக்கமாக மட்டும் கரண்ட் விடுகிற சாமான்) இருக்கும், அதனால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அஞ்சு கால் ரிலேதான் கிடைத்தது என்றால் நடுவில் இருக்கிற 87ஏ காலைத் தொடவே வேண்டாம். ரிலே ஆஃப் ஆக இருக்கும்போது கரண்ட் வருகிற கால் அது.

இனி சுவிட்ச். ஒன்றல்ல, இரண்டு போடச் சொல்வேன்.

முதலாவது ஆயில் பிரஷர் சுவிட்ச், மூன்று முனை உள்ளது. உங்கள் வண்டியில் ஆயில் லைட்டுக்கு ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருக்கும், அதையே பயன்படுத்தலாமே என்று சிலர் இன்னொரு ரிலே வைத்துச் செய்கிறார்கள். வேண்டாம். அது பிரஷர் இல்லாதபோது எர்த் கொடுக்கிற சுவிட்ச். அதன் ஒற்றை ஒயர் அறுந்தால் பிரஷர் இருப்பதாகவே ரிலே எடுத்துக்கொள்ளும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒயர் அறுந்தால் பம்ப் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. லேத் பட்டறையில் சொல்லி T வடிவத்தில் ஒரு இணைப்பு செய்து, லைட் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதை மாட்டுங்கள்.

அதன் மூன்று முனைகளில் பிரஷர் வந்தால் சேர்கிற முனைக்கு இக்னிஷன் கரண்ட். பிரஷர் இல்லாதபோது சேர்ந்திருக்கிற முனைக்கு, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கரண்ட் வரும் ஸ்டார்ட்டர் ஒயரிலிருந்து ஒரு இணைப்பு. பொது முனை ரிலேயின் 86-ஐ நோக்கிப் போகும். இப்போது செல்ஃப் அடித்தால் பம்ப் ஓடும், எஞ்சின் பிடித்து ஆயில் பிரஷர் ஏறியதும் சுவிட்ச் இக்னிஷன் பக்கம் மாறிக்கொள்ளும். இரண்டு முனை சுவிட்சை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் ஒயரையும் அதோடு முறுக்கிவிட்டால், எஞ்சின் ஓடும்போது கரண்ட் திரும்பிப் போய் செல்ஃப் மோட்டாரைத் தட்டிவிடும். மோட்டாரின் பல் சக்கரம் உடையும், ஜாக்கிரதை.

இரண்டாவது, மோதினால் அறுத்துவிடுகிற இனர்ஷியா சுவிட்ச். போர்டு கார்களிலும் பிற்காலத்து பியட் கார்களிலும் கம்பெனியே வைத்திருந்தது, பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். உள்ளே ஒரு இரும்புக் குண்டு, அதைப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு காந்தம். பலமாக இடித்தால் குண்டு காந்தத்தை விட்டுக் கிளம்பி இணைப்பைத் தட்டிவிடும், மேலே பட்டன் எகிறும். வாங்கும்போது கையில் பிடித்து உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், பட்டன் டிக்கென்று எகிற வேண்டும். அமுக்கினால் உட்கார வேண்டும். எந்த இரண்டு முனை சேர்ந்திருந்து அறுகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த வாக்கில், ஆடாத பாடி இரும்பில் முறுக்குங்கள், எஞ்சின் மேல் கூடாது. ஆயில் சுவிட்சின் பொது முனைக்கும் 86-க்கும் நடுவில் இது வர வேண்டும், அப்போதுதான் இரண்டு வழியும் அறும். இந்தப் பக்கம் ஓடுவது ரிலே காயிலுக்கான 0.2 ஆம்பியருக்கும் குறைவான கரண்ட், அதனால் சுவிட்சுகள் கருகாது.

முடித்ததும் மூன்று சோதனை. சாவி போட்டு செல்ஃப் அடிக்காமல் இருங்கள், பம்ப் சத்தமே வரக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்து, கியரில் கிளட்ச்சை விட்டு, சாவியை அணைக்காமலே எஞ்சினை நிற்க வையுங்கள். ஓரிரு நொடியில் பம்ப் அடங்க வேண்டும். அப்புறம் ஓடுகிற எஞ்சினில் இனர்ஷியா சுவிட்சை எகிற விடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், அதைப் பார்த்துக் குழம்பாமல் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள்.

பழைய பம்ப் இருந்த ஓட்டையைத் தகடும் கேஸ்கட்டும் வைத்து மூடிவிட்டீர்கள்தானே? ஹோஸையும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலைத் தாங்குகிறதாகப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எம்பிஎஃப்ஐ காரில் (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) போகும்போது வழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஒயர் துண்டைச் செருகினார். மூன்று மாதமாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள் ஐயா. வழியில் நின்றவரை வீடு சேர்க்க அவர் செய்தது சரி, வீடு வந்த பிறகும் வைத்திருப்பது தவறு. உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர்தான் ரிலேயை ஆள்கிறது. சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப்பை ஓட்டி நிறுத்தும், எஞ்சின் சுற்றுவது தெரிந்தால்தான் மறுபடி ஓட்டும். அந்தக் காவலை ஒயர் துண்டு எடுத்துவிட்டது. சில வண்டிகளில் ரிலேயின் 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வரும், அதில் சாவியை எடுத்தாலும் பம்ப் நிற்காது. புது ரிலே விலை ஒரு நாள் பெட்ரோல் செலவுகூட ஆகாது. அதே மாதிரி ஹாரன் ரிலே இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், ஓடினால் கோளாறு ரிலேயில்தான்.

கேள்வி: பழைய அம்பாசடருக்கு எலக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கிறேன். திருட்டுக்குப் பயந்து அதில் ஒரு ரகசிய சுவிட்ச் வைக்கலாமா?
– சேலம் வாசகி

பதில்: வைக்கலாம் அம்மா, ஆனால் கார்புரேட்டர் வண்டியில் அதனால் பெரிய பயனில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலிலேயே திருடன் தெரு முனையைத் தாண்டிவிடுவான், அப்புறம் நடுரோட்டில் வண்டி நிற்கும். ஞாபக மறதியில் நீங்களே அப்படிக் கிளம்பினால் ரயில்வே கேட்டில்கூட நின்று போகலாம். ஸ்டார்ட்டருக்குப் போகிற சிக்னல் ஒயரில் வையுங்கள், வண்டி கிளம்பவே கிளம்பாது. அதில் கரண்ட் அதிகம், சின்ன சுவிட்ச் கருகிவிடும், அங்கேயும் ஒரு ரிலே போட்டு சுவிட்சை அதன் காயில் பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.