காந்தம் செய்யும் பாக்டீரியா: கேள்வி பதில்

அரியாங்குப்பம் வாசகர்: பாக்டீரியாவுக்குள் காந்தம் எப்படி உருவாகிறது?

செல்லின் உட்சவ்வு குழிந்து சிறு பையாகிறது. அதற்குள் இரும்பு அயனிகள் சேர்ந்து, மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாகப் படிகின்றன. படிகத்தின் அளவு பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர். அதைவிடச் சிறுத்தால் காந்தத்தன்மை நிலைக்காது. பெருத்தால் உள்ளேயே பல மண்டலங்களாகப் பிரிந்து வலு குறையும். பைகள் மாம்-கே என்ற புரத இழையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. மாம்-ஜே என்ற புரதத்தை நீக்கிப் பார்த்த ஆய்வில், வரிசை குலைந்து எல்லாம் ஒரே குவியலாக ஒட்டிக்கொண்டன.

கடலூர் வாசகர்: தேவனாம்பட்டினம் கடற்கரையில் காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் தூள் இதுதானா?

இல்லை. அது பாறை அரிந்து வந்த கருமணல்.

வில்லியனூர் ஆசிரியை: மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

தாராளமாக. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கே கை வைக்காதீர்கள். ஊர்க்குளத்துச் சேறும் நீரும் ஒரு பாட்டிலில் போதும். சில வாரங்கள் வெளிச்சம் படாமல் வையுங்கள். பிறகு சேற்றுக்குச் சற்று மேலே, பாட்டிலின் வெளிப்புறம், காந்தத்தின் தென்முனையை அரை மணி நேரம் ஒட்டி வைத்து, அந்த இடத்து நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். காந்தத்தைத் திருப்பினால் புள்ளிகள் வளைந்து திரும்பி நீந்த வேண்டும். இரும்புத் துகளும் திரும்பும், ஆனால் நீந்தாது. நீந்துவதைக் காணாமல் பாக்டீரியா என்று சொல்லிவிடாதீர்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: பூமியின் காந்தப்புலம் இவற்றை ஆழத்துக்கு வழிநடத்துகிறது என்கிறார்கள். புதுச்சேரியில் புலம் ஏறக்குறையப் படுத்தல்லவா கிடக்கிறது?

இன்றைய கேள்விகளில் இதுதான் கேள்வி! 1975இல் இவற்றைப் பற்றி நுண்ணுயிர் ஆய்வாளர் பிளேக்மோர் எழுதியது அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் இருந்து. அங்கே புலம் செங்குத்துக்கு நெருக்கமாகக் கீழ்நோக்கிச் சரிகிறது. புலம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடோ நம் தென்கோடிக்கு அருகில்தான் ஓடுகிறது. பிரேசிலில் அந்தக் கோட்டருகே தேடியவர்கள், புலத்தின் வழியே வடக்கு நோக்கி நீந்துபவையும் தெற்கு நோக்கி நீந்துபவையும் ஏறக்குறையச் சம அளவில் இருந்ததை 1981இல் வெளியிட்டார்கள்.

அதே வாசகர்: அப்படியானால் இங்கே காந்தம் வீண்தானே?

அவசரப்படாதீர்கள். கிடைமட்டமாக நீந்துவதால், ஆக்சிஜன் மிகுந்த மேல்நீருக்குத் தவறி ஏறுவது குறையும் என்பது அவர்கள் விளக்கம். எனக்கு அது பாதி சமாதானம்தான். இவை தேடுவது ஆக்சிஜன் குறைந்த அடுக்கை. புலம் சாய்ந்திருந்தால் தேடல் ஒரே கோட்டில் முடியும். இங்கே அந்த லாபம் மிகச் சிறியது என்றே நினைக்கிறேன்.

நெய்வேலி வாசகர்: காந்தக் காப்பு அணிந்தால் இரத்தம் சுத்தமாகுமா?

இதற்கும் பாக்டீரியாவுக்கும் சம்பந்தமில்லை. மருத்துவரைக் கேளுங்கள்.

பண்ருட்டி வாசகர்: கடற்கரையில் காந்தத்தில் ஒட்டும் தூள்...

கருமணல்! மேலே பதில் இருக்கிறது.

பரங்கிப்பேட்டை வாசகர்: பிச்சாவரம் சேற்றில் அழுகல் முட்டை வாடை. அங்கும் மாக்னடைட்டா?

அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு. அப்படிப்பட்ட இடங்களில் கிரெய்கைட் என்ற இரும்பு சல்பைடைச் செய்யும் வகைகளும் வாழலாம். வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுத் தேடுங்கள்.