பனிமலைகளுக்குக் காரோட்டிப் போகலாமா? – வாசகர் கேள்வி, பதில்

ஜப்பானில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பனிச்சறுக்கு மலைகளுக்குப் போய்வருவது பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். நான் இருபது ஆண்டுகளாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டுகிறவன். பிப்ரவரியில் டோக்கியோவில் கார் எடுத்து, ஹகுபா, ஷிகா கோகென், மியோகோ ஆகிய இடங்களில் சறுக்கிவிட்டு, அப்படியே ஹொக்கைடோவுக்கு ஓட்டிச்சென்று நிசெக்கோவையும் பார்த்துவர விரும்புகிறோம். பத்து நாள் போதுமா?
– மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்

பதில்: போதாது. பதினைந்து நாளாக்கினாலும் இதை இப்படியே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோக்கியோ இருக்கும் ஹோன்ஷு தீவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இடையே கடல் இருக்கிறது. கடலுக்கடியில் செல்லும் செய்கான் சுரங்கம் ரயிலுக்கு மட்டுமே உரியது. ஆகவே அவோமோரி வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓட்டி, அங்கே காரைக் கப்பலில் ஏற்றி, ஹகோடாடேயில் இறங்கி, மறுபடியும் மலைச்சாலையில் ஏறி நிசெக்கோவை அடைய வேண்டும். விடுமுறையில் பெரும்பகுதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழிந்துவிடும். இரண்டு தீவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பனியில் முதன்முதலாக ஓட்டப்போகிறவர்களுக்கு அது ஹொக்கைடோவாக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் டயரில் தொடங்குகிறது. ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் கிடைக்கும் வாடகைக் கார்களில் ‘ஸ்டட்லெஸ்’ எனப்படும் பனி டயர்கள் வழக்கமாகவே பொருத்தப்பட்டிருக்கும். டோக்கியோவில் எடுக்கும் கார் பெரும்பாலும் சாதாரண டயரோடுதான் வரும். பனி டயர் வேண்டுமென்று முன்பதிவின்போதே கேட்டு, தனிக்கட்டணமும் செலுத்த வேண்டும். நம் ஊர் டயரின் ரப்பர் கடுங்குளிரில் விறைத்து வழுக்கத் தொடங்கிவிடும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் பனிக்கட்டியின் மேல் படிந்திருக்கும் நீரை விலக்கிப் பிடிப்பைத் தரும். ஒரு காலத்தில் அங்கே ஆணி பதித்த டயர்களே புழக்கத்தில் இருந்தன. அவை தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசியால் நகரங்களில் காற்று கெட்டதால், 1990இல் சட்டம் இயற்றி அவற்றுக்குத் தடை விதித்தார்கள்.

ஹோன்ஷு மலைகளில் வேறு சிக்கல்களும் உண்டு. கடும்பனி எச்சரிக்கை விடுக்கப்படும் நேரங்களில், பனி டயர் இருந்தாலும் அதன் மேல் சங்கிலி கட்டாத வண்டியை அனுமதிக்கக் கூடாது என்ற விதி 2018 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது பொருந்தும் 13 சாலைப் பகுதிகளில் ஒன்று நீங்கள் மியோகோவுக்குப் போகும் விரைவுச்சாலையிலேயே வருகிறது. ஷிகா கோகெனிலிருந்து குசாட்சுவுக்கு மலையைக் கடந்து செல்லும் 292ஆம் எண் நெடுஞ்சாலை 2,172 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. வரைபடத்தில் கோடு இருந்தாலும் குளிர்காலம் முழுவதும் அது மூடியே இருக்கும். மலைப்பகுதியில் குறுக்குவழி என்று கண்ணில் படும் எதையும் விசாரிக்காமல் நம்பாதீர்கள்.

ஹொக்கைடோவில் உங்கள் பத்து நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். டோக்கியோவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் நியூ சிட்டோசே விமான நிலையத்தில் இறங்குங்கள். நீண்ட பயணக் களைப்போடு இரவில் சாவியை வாங்காமல், அருகிலேயே தங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் நான்கு சக்கர இயக்கமுள்ள காரை எடுங்கள். நிசெக்கோ ஏறத்தாழ 110 கிலோமீட்டர். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நிசெக்கோவை ஒட்டியுள்ள குச்சான் என்ற சிற்றூரில் ஒரே இடத்தில் அறை எடுத்துக்கொண்டால், நிசெக்கோவின் சறுக்கு மைதானங்கள் பக்கத்திலேயே இருக்கும். ருசுட்சு, கிரோரோ ஆகிய சறுக்கு மலைகளும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இருக்கும். இறுதி நாட்களில் உடலும் வானிலையும் இடம் கொடுத்தால் ஃபுரானோவைச் சேர்த்துக்கொள்ளலாம். பல மலைகளைப் பார்க்கும் ஆசையும் நிறைவேறும். இரவில் பனிச்சாலையில் ஓட வேண்டிய தேவையும் வராது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகிய கை என்பது நல்ல தகுதியே. ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஆனால் முன்னே போகும் வண்டியை நெருங்கி ஓட்டுவது, கடைசி நேரத்தில் பிரேக் போடுவது, வளைவில் வேகம் குறைப்பது ஆகிய மூன்று பழக்கங்களையும் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுச்செல்ல வேண்டும். பனியில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும். சிக்னல் சந்திப்புகளில் கூடுதல் கவனம் தேவை. வண்டிகள் நின்று கிளம்பி, நின்று கிளம்பி, அங்கே படிந்த பனி கண்ணாடியாக மெருகேறிக் கிடக்கும். பாலங்களின் மேலும் சுரங்கப்பாதைகளின் வாயிலிலும் சாலை முதலில் உறையும். நம் ஊர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ அங்கே கிடையாது; சிவப்பு விளக்கில் இடப்பக்கமும் திரும்பக் கூடாது. தண்டவாளம் குறுக்கிட்டால், கேட் திறந்திருந்தாலும் ஒருமுறை முழுவதுமாக நிறுத்திவிட்டே கடக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களை ஹொக்கைடோவின் சாலைகள் கைவிடுவதில்லை. சாலையோரக் கம்பங்களின் உச்சியிலிருந்து சிவப்பு வெள்ளைப் பட்டையிட்ட அம்புக்குறிகள் கீழ்நோக்கித் தொங்கும். தரை முழுவதும் வெள்ளையாகிவிட்ட வேளையில் சாலை முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பை அந்த அம்புகளே காட்டும். சிக்னல் விளக்குகள்கூடப் பனி தேங்காதபடி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும்.

காலையில் காரை எடுப்பதே ஒரு வேலை. இரவு நிறுத்தும்போது வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கடுங்குளிரில் ஹேண்ட் பிரேக்கும் உறைந்துபோகக்கூடும் என்பதால், சமதளத்தில் கியரை ‘பி’யில் வைத்து விட்டுவிடுவார்கள். விடிந்து பார்த்தால் கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் தெரியும். வாடகை நிறுவனம் காரிலேயே வைத்திருக்கும் நீளக் கைப்பிடித் தூரிகையால் முதலில் கூரையைத் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். கூரையில் பனியை விட்டுவிட்டுக் கிளம்பினால், முதல் பிரேக்கிலேயே அது மொத்தமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். பின்பக்கம் சென்று புகைக்குழாயைச் சுற்றிலும் தோண்டிவிடுவதை ஒருநாளும் மறக்க வேண்டாம். பனியால் அடைபட்ட குழாயோடு எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் புகும். மணமில்லாத அந்த வாயு உள்ளே இருப்பவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வழியில் பனியில் சிக்கிக் காருக்குள் காத்திருக்க நேர்ந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

நால்வரும் செல்வதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே அங்கே குற்றம். ஓட்டுநருக்கு ஊற்றிக்கொடுத்தவருக்கும், தெரிந்தே உடன் பயணித்தவருக்கும் தண்டனை உண்டு. ஓட்டுகிறவர் அன்று தொடவே கூடாது.

கேள்வி: நான் புதுச்சேரி உரிமம் வைத்திருக்கிறேன். என் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். அவரிடம் இருப்பது பிரெஞ்சு உரிமம். இருவரும் ஜப்பானில் மாறி மாறி ஓட்ட முடியுமா?
– முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: முடியும். ஆனால் இருவருக்கும் வெவ்வேறு தாள்கள் தேவை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மட்டுமே ஜப்பான் ஏற்கிறது. இந்தியா வழங்குவது அந்த வகையைச் சேர்ந்தது. உங்கள் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டணத்தில் பெறலாம், ஓராண்டு செல்லும். பிரான்ஸ் வழங்கும் சர்வதேச அனுமதி 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைச் சார்ந்தது என்பதால் அது அங்கே செல்லாது. அதற்குப் பதிலாக, பிரெஞ்சு உரிமத்தையும் அதன் அதிகாரபூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு அவர் ஓட்டலாம். அந்த மொழிபெயர்ப்பை ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜாஃப் வழங்குகிறது. பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். புதுச்சேரியில் இத்தகைய குடும்பங்கள் பல இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இருவரும் அசல் உரிமத்தையும் பாஸ்போர்ட்டையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஓட்டுநராகப் பதிவாகியிருக்க வேண்டும். இணையத்தில் சர்வதேச உரிமம் என்ற பெயரில் தனியார் விற்கும் அட்டைகளை வாங்கிப் பணத்தை இழக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் உறவினர்கள் பிரான்சின் மார்செய் நகரில் வசிக்கிறார்கள். சப்போரோவும் மார்செய்யும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில்தான் உள்ளன. அங்கே அரிதாக விழும் பனி, ஜப்பானில் மட்டும் வீட்டையே மூடுமளவு கொட்டுவது ஏன்?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: அருமையான கேள்வி, காரோட்டப் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கக்கடலைக் கடந்துவரும் வடகிழக்குக் காற்று ஈரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நம் கரையில் மழையாகக் கொட்டுவதைப் போன்றதுதான் அங்கே நடப்பதும். குளிர்காலத்தில் சைபீரியாவில் தேங்கும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலின் மேல் வீசுகிறது. சுஷிமா என்ற வெப்ப நீரோட்டம் பாய்வதால் அந்தக் கடல் காற்றைவிடப் பல பாகை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆகவே காற்று ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஜப்பானின் மலைகளில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் பனியாக இறங்குகிறது. நிசெக்கோ வட்டாரத்தில் ஒரு பருவத்தில் மொத்தமாக விழும் பனி 10 மீட்டரைத் தாண்டுவது இதனால்தான். ஹொக்கைடோவில் குளிர் கூடுதல் என்பதால் பனி ஈரமின்றி மாவு போல் இருக்கும். சறுக்குவோர் உலகெங்கிலுமிருந்து தேடி வருவது அந்த மாவுப் பனியைத்தான்.

மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்ட காற்று பசிபிக் பக்கம் வறண்டே வீசுகிறது. டோக்கியோவில் நீல வானமாக இருக்கும் அதே நாளில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமுள்ள கானெட்சு சுரங்கத்தைத் தாண்டி ஜப்பான் கடலை ஒட்டிய நீகாட்டா பக்கம் வெளியே வந்தால் பனிப்புயல் அடித்துக்கொண்டிருக்கலாம். 2020 டிசம்பரில் அந்தச் சுரங்கம் இருக்கும் கானெட்சு விரைவுச்சாலையில் 2,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் சிக்கின. பலர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கழித்தார்கள். ஆகவே கிளம்பும் ஊரின் வானத்தைப் பார்க்காமல், போய்ச்சேரும் ஊரின் வானிலை அறிவிப்பைப் பார்த்தே காரை எடுக்க வேண்டும். காரில் குடிநீர், தின்பண்டம், போர்வை, மண்வெட்டி ஆகியவை இருக்கட்டும். எரிபொருள் பாதியாகக் குறைவதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாருமே சறுக்கியதில்லை, மகளுக்கு நான்கு வயது, நாங்கள் சைவம். இப்படிப்பட்டவர்கள் போவதில் பொருளுண்டா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகி, கடலூர்

பதில்: தாராளமாகப் போகலாம். நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு. நிசெக்கோவில் ஆங்கிலத்தில் கற்பிப்போர் நிறையவே இருக்கிறார்கள். முதல் இரண்டு நாளாவது பயிற்றுநரிடம் கற்றுக்கொண்டு, பச்சை நிறம் குறித்த எளிய சரிவுகளிலேயே இருங்கள். சிவப்பு அதற்கு அடுத்த நிலை, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. மைதானத்தின் எல்லையாகக் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டி யார் சென்றாலும் நீங்கள் பின்தொடர வேண்டாம். அப்பால் பனிச்சரிவு அபாயம் உண்டு. செலவு குறைவாக ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினால், குல்மார்க்கிலும் உத்தராகண்டின் அவுலியிலும் தொடக்கப் பயிற்சிகள் நடக்கின்றன. கால்கள் பழகிய பிறகு ஜப்பானுக்குப் போனால் அங்கே செலவிடும் ஒவ்வொரு நாளும் பயனுள்ளதாக இருக்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், முன்பதிவிலேயே கேளுங்கள். உணவுதான் கொஞ்சம் சிரமம். காய்கறி சூப்பாகத் தோன்றுவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து, அரிசியும் காய்கறியும் அங்கேயே வாங்கிச் சமைப்பது நிம்மதி தரும். கறிவேப்பிலை, பழம் போன்றவற்றை இங்கிருந்து எடுத்துப் போகாதீர்கள். தாவரத் தடுப்புச் சோதனையில் பறித்துக்கொள்வார்கள்.

கேள்வி: பார்க்கிங்கில் பனிச்சுவரில் லேசாக உரசிவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?
– வில்லியனூர் வாசகர்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். எவ்வளவு சிறிய உரசலானாலும் காவல்துறைப் பதிவு இல்லையென்றால் காரின் காப்பீடு கைகொடுக்காது. சேதத் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழும். காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. அழைத்துவிட்டு வாடகை நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். காப்பீடு இருந்தாலும், பழுது பார்க்கும் நாட்களின் வருவாய் இழப்புக்காக நிறுவனம் தனியாக ஒரு தொகை கேட்கும். அதையும் தள்ளுபடி செய்யும் கூடுதல் திட்டத்தைக் கார் எடுக்கும்போதே சேர்த்துக்கொள்வது நல்லது. இங்கிருந்து எடுத்துச்செல்லும் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்குக் காயங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் படித்துப் பாருங்கள். பல திட்டங்கள் அவற்றை விலக்கி வைத்திருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் சில நிறுவனங்கள் சேர்த்துத் தரும்.