ஒரு மாதக் குளிசை எத்தனை நாளைக்கு?

மருந்து தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, கொழும்பில் பல ஆண்டுகள் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் இப்பகுதியில் பதிலளிக்கிறார்.

கேள்வி: நீரிழிவுக்கும் பிரஷருக்கும் பத்து வருடமாக அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். மாதம் ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கே போய் வரிசையில் நிற்கவேண்டும். மெல்பேணில் இருக்கும் என் தங்கைக்கு ஒரே தடவையில் இரண்டு மாத மருந்து கொடுக்கிறார்களாம். நமக்கு ஏன் ஒரு மாதம் மட்டும்? போன முறை கிளினிக் நாளில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் குளிசை முடிந்துவிட்டது. (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: தங்கள் தங்கை சொல்வது உண்மைதான். ஆனால் அங்கும் அது நெடுநாள் வழக்கமல்ல. 2023 செப்டெம்பர் 1 முதல், மூன்று கட்டங்களாக, ஏறத்தாழ 300 மருந்துகளுக்கு 60 நாள் அளவை ஒரே தடவையில் வழங்க அவுஸ்திரேலியா இடமளித்தது. நோய் கட்டுக்குள் நிலையாக இருக்கிறது என்று வைத்தியர் கருதினால் மட்டுமே அந்தச் சலுகை கிடைக்கும். இங்கிலாந்தில் இன்றும் பலருக்கு 28 நாள் மருந்துதான் எழுதப்படுகிறது.

நமது கிளினிக்கில் மருந்து இலவசம் என்பதால், கையிருப்பைப் பங்கிடுவது முதல் காரணமாகிறது. முன்னால் நிற்பவருக்கு மூன்று மாதத்துக்கு அள்ளிக் கொடுத்தால் பின்னால் நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவார் என்பதை, அந்நியச் செலாவணி இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்ட 2022 இல் நாம் கண்ணால் கண்டோம். இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே நீரிழிவுக்கான மெட்பொர்மினின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. பிரஷருக்கு லொசார்டன் எடுப்பவருக்குக் குருதியில் பொட்டாசியம் கூடக்கூடும். ஆகவே இன்று சரியாக இருக்கும் அளவு ஆறு மாதம் கழித்தும் சரியாகவே இருக்கும் என்று எந்த வைத்தியராலும் உறுதி கூற முடியாது. எத்தனை நாளைக்கு மருந்து தருவது என்ற கேள்விக்குள், உங்களைத் திரும்பப் பார்க்காமல் எத்தனை நாள் இருக்கலாம் என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

அப்படியிருந்தும், பத்து வருடமாக ஒரே மருந்தை ஒரே அளவில் எடுத்து, பரிசோதனை முடிவுகளும் ஒழுங்காக உள்ள ஒருவரை மாதந்தோறும் விடியற்காலையில் வரிசையில் நிறுத்துவதில் மருத்துவ நியாயம் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2020 ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கே அனுப்பப்பட்டன. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. தங்கள் நிலையைச் சொல்லி, இடைவெளியை நீட்டலாமா என்று கிளினிக் வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

போயா விவகாரம் வெறும் கணக்குத்தான். நான்கு வாரத்துக்கொரு கிளினிக் என்றால் 28 நாள். 28 குளிசை தந்தால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை, கிளினிக் ஒரு வாரம் தள்ளிப்போனால் ஏழு நாள் துண்டு விழும். தனியாரிடம் மாதம் 30 குளிசை வாங்குபவருக்கும் பன்னிரண்டு மாதத்தில் கிடைப்பது 360தான். வருடத்தில் ஐந்து நாள் குறையும். அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதும்போதே கலண்டரைப் பார்த்து, அன்று விடுமுறையென்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். அதையும் மீறிக் குளிசை முடிந்தால், கொப்பியைக் காட்டி அந்த ஏழு நாளைக்கு மட்டும் பாமசியில் வாங்குங்கள். அட்டெனலோல் போன்ற பிரஷர் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

கேள்வி: போன வருடம் வைத்தியர் எழுதிய துண்டைக் காட்டித்தான் இவ்வளவு நாளும் வாங்கினேன். பாமசிக்குப் புதிதாக வந்த மருந்தாளர் பிரஷர் குளிசையைத் தந்துவிட்டு நித்திரைக் குளிசையை மட்டும் தர மறுக்கிறார். இது முறையா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: மறுத்தது முறைதான், உண்மையில் ஒரு வருடப் பழைய துண்டுக்குப் பிரஷர் குளிசையைத் தந்ததைப் பற்றித்தான் நான் அவரிடம் கேள்வி கேட்பேன். டயஸிபாம், அல்பிரசோலாம் போன்ற நித்திரைக் குளிசைகளுக்குச் சில வாரங்களிலேயே உடல் பழகிவிடும். அதனால்தான் பல நாடுகளும் இவ்வகை மருந்துகளில் கண்டிப்பாக இருக்கின்றன. இங்கிலாந்தில் சாதாரண மருந்துச் சிட்டை ஆறு மாதம் செல்லும். இவ்வகை மருந்துக்கானது 28 நாள் மட்டுமே. அமெரிக்காவில் ஆறு மாதத்துக்குள், கூடினால் ஐந்து தடவை மீள வாங்கலாம்.

நான் வேலை செய்த காலத்தில், எட்டாக மடித்து மடித்து எழுத்தே அழிந்துபோன துண்டுகள் வரும். ஒரே துண்டோடு கொழும்பின் காலி வீதியில் நாலு பாமசி ஏறி இறங்குபவர்களும் இருந்தார்கள். கொடுத்த அளவையும் திகதியையும் துண்டிலேயே குறிப்பது அதற்காகத்தான். ஆனால் ஒன்று: நீண்டநாள் எடுத்த நித்திரைக் குளிசையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் போய், படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள்.

கேள்வி: மகனிடம் ஆறு மாதம் தங்க இலண்டன் போகிறேன். இன்சுலின், கண் துளி மருந்து, குருதி உறையாமலிருக்க வோபரின் எடுக்கிறேன். எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகலாமா? (தெஹிவளை வாசகி)

பதில்: மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, நோய் ஆகியவற்றைக் குறிப்பிட்ட வைத்தியர் கடிதத்தோடு, அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே கொண்டுபோங்கள். குளிசை அட்டையை வெட்டிச் சிறு கடித உறையில் போட்டுத் தருவது நம் பாமசிகளின் வழக்கம். காலாவதித் திகதி பெரும்பாலும் வெட்டுப்படாத பாதியில் தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு வாங்கும்போது அந்தத் திகதியைப் பார்த்தே வாங்கவேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் சரக்கறையில் உறைந்தால் அது பயன்படாது. திறக்காததைப் பிரிஜ்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கலாம். திறந்தபின் பெரும்பாலான இன்சுலின் வகைகளும் கண் துளி மருந்துகளும் 28 நாளுக்கு மேல் கூடாது.

வோபரினை மட்டும் குளிசை எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள். குருதிப் பரிசோதனை முடிவைப் பார்த்தே அதன் அளவு கூட்டிக் குறைக்கப்படுகிறது. அங்கே எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை அந்தப் பரிசோதனையைச் செய்யலாம் என்பதை மகனைக் கொண்டு முன்கூட்டியே விசாரித்து ஒழுங்குசெய்த பிறகு பயணச்சீட்டை எடுங்கள்.