மாலையில் ரோஜா கூடாதா?

கேள்வி: மல்லிகைக்குப் பெயர்போன மதுரையிலேயே கல்யாண மாலைகளை ரோஜா ஆக்கிரமித்துவிட்டது. காதலர் தினத்துக்கு விற்கிற மேல்நாட்டுப் பூ தமிழ்த் திருமணத்தில் எதற்கு?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களை வாசலில் எதைத் தெளித்து வரவேற்றீர்கள்? பன்னீர்தானே? அது ரோஜாவைக் காய்ச்சி வடித்த நீர். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்பு இல்லாத முகூர்த்தத்தை உங்கள் தாத்தாவே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். மேலே தெளித்தால் மரியாதை, கழுத்தில் போட்டால் மரபு மீறலா?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் ரோஜா இல்லை, உண்மைதான். அதற்காக நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பூவும் இல்லை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் ரோஜா நீர் காய்ச்சியபோது, சூடான நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்தார். அதைச் சிறிது சிறிதாக வழித்துச் சேர்த்ததுதான் அத்தர். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் மணக்கும் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மாமியாருக்கு முத்துமாலையும் பரிசளித்தார். மாப்பிள்ளைகள் கவனிக்கவும்.

காதலர் தினத்துக்கு வருவோம். வெள்ளை ரோஜா எப்படிச் சிவந்தது என்பதற்குக் கிரேக்கர்கள் ஒரு கதை சொல்வார்கள். காட்டுப்பன்றி குத்திக் குற்றுயிராய்க் கிடந்த தன் காதலன் அடோனிஸை நோக்கி, காதல் தெய்வமான அப்ரோடைட் ஓடினாள். வழியில் முள் தைத்து வடிந்த அவளது ரத்தம்தான் பூவில் ஏறியதாம். காதலன் பிழைக்கவில்லை. இழவு வீட்டுக் கதையை அடையாளமாக வைத்துக்கொண்டு பிப்ரவரி 14 அன்று பூ நீட்டுகிறவர்களைத்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

கல்யாணத்துக்கும் ரோஜாவுக்கும் ஒட்டாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு பங்காளிக் குடும்பங்கள் 1455 முதல் முப்பது ஆண்டுகளாக அரியணைக்கு வெட்டிக்கொண்டன. லங்காஸ்டர் பக்கத்து ஏழாம் ஹென்றி 1486 ஜனவரியில் யார்க் வீட்டு எலிசபெத்தை மணந்தார். யார்க்கின் சின்னம் வெள்ளை ரோஜா. லங்காஸ்டருக்கு உரியதாகச் சிவப்பு ரோஜாவை அதிகம் பரப்பியவர் ஹென்றிதான். சிவப்புக்குள் வெள்ளையை வைத்து வரைந்த டியூடர் ரோஜா அந்தச் சம்பந்தத்தின் அடையாளம். நம் பக்கத்துப் பங்காளிச் சண்டைகளில் பாதி கல்யாண மண்டபத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று: நீங்கள் இரண்டு பூக்களைக் குழப்பிக்கொள்கிறீர்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் வளர்ந்து, நீளக் காம்போடு கட்டுக் கட்டாக வருவது பூங்கொத்து ரோஜா. பார்க்க நிமிர்ந்து நிற்கும். மூக்கருகே கொண்டுபோனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நிலக்கோட்டைச் சந்தைக்கும் மாட்டுத்தாவணிக்கும் உதிரியாக மூட்டையில் வந்து எடைக்கு விற்கப்படுவது பன்னீர் ரோஜா. வாழைநார் பட்டாலே இரண்டு இதழ் உதிரும், ஆனால் மணம் மண்டபத்தை நிறைக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி அதைக் கண்டு பயப்படவில்லை. பூக்காரம்மாவின் கூடையில் இரண்டும் ஒரே ஈரத் துணிக்கு அடியில்தான் இருக்கின்றன.

கோபம் தீரவில்லையென்றால், ரோஜா இதழ் மேல் ஜிகினாத் தூளைத் தூவி மாப்பிள்ளை முகமெல்லாம் மினுக்க வைக்கிறார்களே, அவர்களைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்த வழக்கில் நான் உங்கள் கட்சி.