127-இல் நின்றுபோன லொகின்

கேள்வி: எங்கள் விருந்தினர் விடுதிக்கு முன்பதிவு இணையத்தளம் ஒன்று இருக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். வேலை செய்வோர் மூன்று பேரும் நாளுக்கு ஒருதரம் லொகின் செய்வோம். ஆறு கிழமை ஒழுங்காக ஓடியது. இப்போது சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் 'பிழை 1062, டூப்ளிகேட் என்ட்ரி 127, கீ: லொகின்_லொக்.பிரைமரி' என்று வருகிறது. சேர்வரை நிறுத்தித் தொடக்கியும் பயனில்லை. அந்த அட்டவணையின் கடைசி வரியை அழித்தால் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். பிறகு பழைய கதைதான்.
— வாசகர், உப்புவெளி

பதில்: கடவுச்சொல்லில் பிழை இல்லை. 1062 வந்தால் முதலில் இரண்டைப் பாருங்கள்: எந்த மதிப்பு இரட்டிக்கிறது, எந்தக் கீயில் இரட்டிக்கிறது. உங்களுக்கு மதிப்பு 127, கீ லொகின் பதிவு அட்டவணையின் பிரைமரி, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனித்த எண் இருக்க வேண்டிய ஐடி நிரல். அந்த 127-தான் குட்டை உடைக்கிறது. அந்த நிரலை யாரோ டைனிஇன்ட் என்ற மிகச் சிறிய முழு எண் வகையாக அமைத்திருக்கிறார்கள். அதில் 127-க்கு மேல் எண் ஏறாது. மூன்று பேர், 42 நாள், 126 வரிகள். 43-ஆம் நாள் முதலாமவர் 127-ஐ எடுத்துக்கொண்டார். அடுத்தவருக்கும் ஓட்டோ இன்கிரிமென்ட் (அடுத்த எண்ணைத் தானாகக் கொடுக்கும் வசதி) அதே 127-ஐயே நீட்டுகிறது. கடைசி வரியை அழித்ததும் ஒருவர் போக முடிந்ததற்கும் காரணம் இதுதான்.

முதலில் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி மூலம் தரவுத்தளத்தின் பிரதி எடுங்கள். 'ஷோ கிரியேட் டேபிள்' கட்டளையில் ஐடியின் வகையை உறுதி செய்யுங்கள். பிறகு 'ஆல்டர் டேபிள் … மொடிஃபை' கட்டளையால் அதை 'பிக்இன்ட் அன்சைன்ட் நொட் நல் ஓட்டோ_இன்கிரிமென்ட்' என்று மாற்றுங்கள். பிக்இன்ட் மிகப் பெரிய எண் வகை, அன்சைன்ட் என்றால் மறை எண் கிடையாது. இங்கே பலர் ஓட்டோ_இன்கிரிமென்டை எழுத மறந்துவிடுவார்கள். மொடிஃபை பழைய தன்மைகளைத் தானாக வைத்துக்கொள்ளாது. விட்டுவிட்டால் அடுத்த லொகினில் 1364 (ஐடிக்கு மதிப்பு இல்லை) என்ற புதுப் பிழை நிற்கும். 'பிரைமரி கீ' என்பதைத் திரும்ப எழுத வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது, எழுதினால் 1068 பிழை (இரண்டு பிரைமரி கீ) வரும். வேறு அட்டவணை எதுவும் ஃபொரின் கீயாக (இன்னோர் அட்டவணையைச் சுட்டும் நிரலாக) இந்த ஐடியைப் பிடித்திருந்தால் அங்கும் வகை பொருந்த வேண்டும்.

டைனிஇன்டை அன்சைன்ட் ஆக்கினால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். 255 வரை போகும், அவ்வளவுதான். இன்னும் ஆறு கிழமையில் மறுபடி எழுதுவீர்கள். சாதாரண இன்ட் 2147483647 வரை தாங்கும், அதுவும் உங்களுக்குத் தாராளம்.

இன்னொன்று. யார் எப்போது வந்தார் என்ற குறிப்பை எழுத முடியாததற்காக ஆளையே வாசலில் மறிப்பது என்ன நியாயம்? அந்த இன்சேர்ட்டை, அதாவது வரி சேர்க்கும் கட்டளையை, தனி டிரை-கட்சுக்குள் (பிழை வந்தாலும் மென்பொருள் தொடர வைக்கும் பகுதிக்குள்), லொகின் டிரான்ஸக்‌ஷனுக்கு வெளியே வையுங்கள்; உள்ளே இருந்தால் ஒன்று தோற்க எல்லாமே தோற்கும்.

கேள்வி: டியூஷன் வகுப்புக்கான தளம். சில பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் சிலவேளை மட்டும், லொகினில் 'டூப்ளிகேட் என்ட்ரி 58, கீ: செஷன்ஸ்.யூசர்_ஐடி' வருகிறது. ஒரே மதிப்பு இரண்டு தரம் வராமல் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸைத் தூக்கிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர்.
— வாசகர், மூதூர்

பதில்: பொறுங்கள். சிக்னல் மந்தமான இடத்தில் பிள்ளை பொத்தானை இரண்டு தரம் அமுக்குகிறது. இரண்டு கோரிக்கைகளும் 'இவருக்கு செஷன் வரி (லொகின் செய்து உள்ளே இருப்பதன் பதிவு) இருக்கிறதா?' என்று செலக்ட் கட்டளையால் தேடி, இரண்டும் 'இல்லை' என்று கண்டு, இரண்டும் இன்சேர்ட் செய்கின்றன. பிந்தியது அடிபடுகிறது. இன்டெக்ஸ் தன் வேலையைத்தான் செய்கிறது.

செலக்டை விட்டுவிட்டு ஒரே கட்டளையாக 'இன்சேர்ட் … ஒன் டூப்ளிகேட் கீ அப்டேட்' எழுதுங்கள். வரி இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் புதுப்பிக்கும். டோக்கனும் (லொகின் செய்தவரை அடையாளம் காட்டும் குறியீடு) காலாவதி நேரமும் அப்டேட் பகுதியில் வரட்டும். 'இன்சேர்ட் இக்னோர்' வேண்டாம்: பிழை மறையும், ஆனால் தரவுத்தளத்தில் பழைய டோக்கனும் பிரவுசரில் புதிய டோக்கனும் இருக்கும், பிள்ளை உள்ளே வந்த கையோடு வெளியே தள்ளப்படும். 'ரிப்ளேஸ்' பழைய வரியை அழித்துவிட்டே புதியதை எழுதும். 'ஒன் டிலீட் கஸ்கேட்' இருந்தால் அதோடு தொங்கும் வரிகளும் போய்விடும். பொத்தானை ஜாவாஸ்கிரிப்டால் முடக்குவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஒரே பிள்ளை போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமென்றால் நண்பர் சொன்னது பாதி சரி. யூசர்_ஐடியில் உள்ள யுனிக்கை எடுத்துச் சாதாரண இன்டெக்ஸ் ஆக்குங்கள். யுனிக்கை டோக்கன் நிரலில் போடுங்கள். அப்போது ஒவ்வொரு லொகினும் புது வரி; காலாவதியானவற்றை நாளாந்தம் அழிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்களுடையது போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் தரவுத்தளம். புதுச் சேர்வருக்கு சிஎஸ்வி கோப்பு மூலம் தரவை ஏற்றினோம். பழைய ஆட்கள் லொகின் செய்கிறார்கள். முதல்முறை வருபவர்களுக்கு மட்டும் 23505 (டூப்ளிகேட்) பிழை. ஒவ்வொரு முயற்சிக்கும் ஐடி எண் ஒன்று கூடிக்கொண்டே போகிறது.
— வாசகர், கிண்ணியா

பதில்: முதல் லொகினில் உங்கள் மென்பொருள் யூசர் வரியை உருவாக்குகிறது. ஐடிகளோடு தரவை ஏற்றும்போது சீக்குவன்ஸ் (அடுத்த ஐடியைக் கொடுக்கும் எண்ணி) நகராது. அது இன்னும் 1-இலிருந்து எண்ணுகிறது. இன்சேர்ட் தோற்றாலும் எடுத்த எண் திரும்பிப் போகாது, ஆகவேதான் அந்த ஏற்றம். 'செட்வல்' செயல்கூற்றால் சீக்குவன்ஸை அட்டவணையின் மிகப் பெரிய ஐடிக்குக் கொண்டுபோங்கள். ஓட்டோ எண் உள்ள மற்ற அட்டவணைகளுக்கும் இதே வேலை இருக்கிறது, அங்கே இன்னும் யாரும் இடிக்கவில்லை, அவ்வளவுதான்.