விளையாட்டா படிங்க, ஆனா அந்த ஆப்பை முதல்ல தூக்குங்க

கேள்வி: வயசு 26. ஜெராக்ஸ் கடையில வேலை, ரெண்டு வருஷமா டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்கு படிக்கிறேன். சலிப்பா இருக்குன்னு பணம் கட்டி ஒரு ஆப்ல சேர்ந்தேன், தினமும் படிச்சா காயின், பேட்ஜ், ஸ்ட்ரீக் (விடாம படிச்ச நாள் கணக்கு) எல்லாம் வரும். அக்கா கல்யாணத்துல நாலு நாள் விட்டுப்போய் ஸ்ட்ரீக் ஜீரோ ஆயிடுச்சு, அதுலேர்ந்து புக்கை தொடவே மனசு வரல. விளையாட்டா படிக்கிறதெல்லாம் எனக்கு ஒத்து வராதா சார்?

பதில்: நல்லாவே ஒத்து வரும்மா. உங்களுக்கு அவங்க வித்தது விளையாட்டே இல்ல, வருகைப் பதிவேடு, அதுக்கு கலர் அடிச்சு கொடுத்திருக்காங்க. 1973ல ஸ்டான்ஃபோர்ட்ல படம் வரையிறதுல ஆசையா இருந்த சின்னப் பிள்ளைங்கள்ல ஒரு குரூப்கிட்ட மட்டும் வரைஞ்சா சர்டிஃபிகேட் தர்றோம்னு முன்கூட்டியே சொல்லி வரைய வச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்தப் பிள்ளைங்கதான் மத்தவங்களை விட ரொம்பக் கம்மியா பேனாவை தொட்டாங்க. பரிசுக்குன்னு செஞ்சா பரிசு போனதும் செய்யிறதும் போயிடும், உங்களுக்கும் நாலு நாள்ல அதான் நடந்திருக்கு.

மாசாமாசம் பணம் போகுதான்னு யூபிஐ ஆப்புக்குள்ள போய் ஆட்டோபே பக்கத்தை பாருங்க, இருந்தா அங்கேயே கேன்சல் பண்ணுங்க, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினா மட்டும் அது நிக்காது. பணம் திரும்பத் தரமாட்டேன்னா 1915க்கு கூப்பிட்டு புகார் கொடுங்க, அது மத்திய அரசோட நுகர்வோர் ஹெல்ப்லைன்.

அதை விட எனக்கு பயம் டெலிகிராம் க்விஸ் குரூப்தான். முதல்ல ஃப்ரீ க்விஸ், லீடர்போர்டுல உங்க பேரு மேல வரும், அப்புறம் 'டாப்பர்ஸ் பேட்ச்'னு ஒரு ஃபீஸ், அப்புறம் ஒருநாள் தனியா மெசேஜ் பண்ணி "உள்ள நமக்கு ஆள் இருக்கு"ம்பான். 2019 குரூப் 4ல ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர்ல அழியுற மையில எழுத வச்சு அப்புறம் விடையை மாத்தின கூத்து ஞாபகம் இருக்கா, 2020 ஜனவரில 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டாங்க. பணமும் போச்சு, இனி பரீட்சையே எழுத முடியாது. எவனாவது 'உறுதி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த நம்பரை அப்பவே பிளாக் பண்ணுங்க, அவன் யாரா இருந்தாலும் சரி, மாமா பையனா இருந்தாலும் சரி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கஷ்டம் எங்க இருக்கோ விளையாட்டும் அங்கேயே இருக்கணும், வெளிய காயினா தொங்கக் கூடாது. வீட்ல தாயக்கட்டை இருந்தா எடுங்க. ஏழு பாடம் எழுதி கட்டையில விழுற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒண்ணு ஒதுக்குங்க, தாயம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு. ரெண்டு கட்டையிலயும் 0, 1, 2, 3 தான் இருக்கும்ங்கிறதால உருட்டுறதுல மூணுதான் அடிக்கடி விழும், 16க்கு 4 தடவை, ரெண்டுலயும் 0 விழுந்தா வர்ற பன்னெண்டு 16க்கு ஒரு தடவைதான். அதனால நீங்க வெறுக்கிற கணக்கை மூணுல வைங்க, ஆசைப்பாடத்தை பன்னெண்டுல வைங்க. எது விழுதோ அதை 20 நிமிஷம், முடிஞ்சதும் மறுபடி உருட்டுங்க. கட்டையை திட்டிக்கிட்டே கூட்டு வட்டி போடுவீங்க, உங்களை நீங்களே திட்டிக்க வேண்டியதில்ல.

குறளுக்கு தம்பியோ தங்கச்சியோ போதும். முதல் சீர் சொல்லி ஒப்பிக்கிறது எல்லாரும் செய்யிறது, நீங்க கடைசிலேர்ந்து வாங்க: அவங்க "அவன்கண் விடல்"னு சொல்லணும், நீங்க "இதனை இதனால்"னு ஆரம்பிச்சு பிடிக்கணும். தோத்தவங்க பாத்திரம் கழுவணும். நாலு நாள் விட்டுப்போனா ஒண்ணும் ஜீரோ ஆகாது, உட்கார்ந்து உருட்டினா ஆட்டம் தொடரும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் விளையாட்டு கூடவே கூடாது, முழு மாதிரித் தேர்வு. 200 கேள்வி, 3 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 செகண்ட், அதுக்குள்ளதான் ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டமும் கறுப்படிக்கணும். தாயம், தங்கச்சி, மியூசிக், டீ பிரேக் எதுவும் வேண்டாம். ஒரே இடத்துல உட்கார்ந்து, நிஜமா பேனாவால கறுப்படிச்சு, தமிழ்ப் பகுதியோட 100 கேள்வியையும் முடிச்சு, 150 மார்க்குக்கு 60 வருதான்னு பாக்கணும், ஏன்னா அந்த 60 வரலன்னா மீதி 100 கேள்வியை திருத்தவே மாட்டாங்க. "நூறு கேள்வி மட்டும் எழுதிப் பாக்குறேன் சார்"னு கேப்பீங்க, கூடாது. பாதிப் பாதியா ரெண்டு நாள்ல? அதுவும் கூடாது. மூணாவது மணி நேரத்துல கண்ணு எரியும்போதும் உட்காரப் பழகத்தான் இந்த மாதிரித் தேர்வே. ஞாயித்துக்கிழமை ஒண்ணு எழுதினா போதும்.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா இந்தப் பரீட்சையே ஆளை சோர வைக்கிற மாதிரிதான் நடக்குது. 2022 ஜூலைல எழுதினவங்களுக்கு 2023 மார்ச்ல ரிசல்ட், எட்டு மாசம் ஒரு மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு படிப்பான், அதை எவன் யோசிக்கிறான். சோர்வா இருக்குன்னு உங்களையே குறை சொல்லிக்காதீங்க.

தங்கச்சி சலிச்சுக்கிட்டா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம் இருக்கு, கோச்சிங் இலவசம், கூட உருட்ட நாலு பேர் அங்க கிடைப்பாங்க. வாசல்ல நோட்டீஸ் கொடுத்து "எங்க சென்டருக்கு வாங்க"ன்னு ஒருத்தன் நிப்பான், அவனைத் தாண்டி உள்ள போங்க.