ராத்திரி ரெண்டு மணி கட்டத்துல என்ன எழுதறது?

ரத்த வங்கி, லேப் வேலையில இருக்கறவங்க அனுப்பின கேள்விகளுக்கு, ரொம்ப வருஷம் ரத்த வங்கி டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அம்மாவோட பதில்கள்.

மேடம், இன்னும் மூணு வாரத்துல எங்க ரத்த வங்கிக்கு என்.ஏ.பி.ஹெச். (ஆஸ்பத்திரி, ரத்த வங்கியோட தரத்தைப் பார்த்து அங்கீகாரம் கொடுக்கற அமைப்பு) இன்ஸ்பெக்ஷன். ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் ரிஜிஸ்டர்ல நைட் ஷிஃப்ட் கட்டம் நிறைய காலியா கிடக்கு. எல்லாத்துலயும் 4 டிகிரின்னு போட்டு கையெழுத்து போட்டுடுன்னு இன்சார்ஜ் சொல்றாரு. போடலாமா?
(பேர் வேணாம், திண்டுக்கல்)

போடாதீங்கம்மா. நானும் அதே இடத்துல நின்னவதான். வேலைக்கு சேர்ந்த புதுசுல, இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் ராத்திரி நாலு பேர் உக்காந்து ஒரே நீலப் பேனால 4, 4, 4ன்னு ரொப்பினோம். மறுநாள் வந்தவர் ரிஜிஸ்டரை சும்மா புரட்டிட்டு, ஃப்ரிட்ஜோட சூட்டைத் தானா கோடு போட்டு பதியற வட்ட சார்ட்டை எல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாரு, கூடவே ஜெனரேட்டர் லாக் புக்கையும் கேட்டாரு. ஒரு ராத்திரி கரண்ட் போயி சார்ட்ல கோடு 8 வரைக்கும் ஏறி இறங்கியிருக்கு, எங்க ரிஜிஸ்டர்ல அதே நேரத்துக்கு 4. மனுஷன் திட்டல. "அன்னிக்கு உள்ள இருந்த பையெல்லாம் யாருக்கு போச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. எங்க யார்கிட்டயும் பதில் இல்ல. இப்ப நினைச்சாலும் வயித்தை பிசையுது.

முழு ரத்தமும் சிவப்பணுவும் 2லேர்ந்து 6 டிகிரிக்குள்ள இருக்கணும்னு வச்சிருக்கறதே, சூடு ஏறினா கிருமி வளரும், செல் உடையும்ங்கறதுக்காகத்தான். அந்தக் கட்டம் ஒரு பேஷன்ட்டுக்காக இருக்கு, இன்ஸ்பெக்டருக்காக இல்ல.

அதனால காலியா இருக்கறது காலியாவே இருக்கட்டும். கீழ இன்னைக்கு தேதி போட்டு, இந்த நாள்லேர்ந்து இந்த நாள் வரைக்கும் நைட் ரீடிங் எடுக்கல, ஷிஃப்ட்டுக்கு ஒரே ஆள்தான் இருந்தாங்க, வட்ட சார்ட்டை பார்த்தோம் இப்படி இருந்துச்சு, இனிமே இன்னார் எழுதறாங்கன்னு உள்ளதை எழுதி கையெழுத்து போடுங்க. இன்சார்ஜ்கிட்டயும் இதைக் காட்டி பேசுங்க. குறைன்னு எழுதினாலும் சரி பண்ண டைம் கொடுப்பாங்க, பொய்னு தெரிஞ்சிடுச்சுன்னா மத்த ரிஜிஸ்டர் ஒண்ணைக்கூட நம்ப மாட்டாங்க.

இன்னைக்கே இன்னொண்ணும் பாருங்க. டெம்பரேச்சர் ப்ரோப் (சூட்டை அளக்கற முனை) கிளிசரால் கலந்த தண்ணி பாட்டில்ல முங்கி இருக்கா, இல்ல காத்துல தொங்குதா? தொங்குச்சுன்னா அது காட்டறது காத்தோட சூடு, பைக்குள்ள இருக்கற ரத்தத்தோட சூடு இல்ல. ப்ரோப்பை வெதுவெதுப்பான தண்ணில வச்சு, எத்தனை டிகிரில அலாரம் அடிக்குது, அது ராத்திரி யார் காதுல விழுதுன்னு பாருங்க. பூட்டின ரூமுக்குள்ள அடிச்சா என்ன பிரயோஜனம்?

எங்களுக்கும் இன்ஸ்பெக்ஷன் வருது, ஃபைல் மலை மாதிரி குவிஞ்சிருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
(ரத்த வங்கி ஊழியர், கும்பகோணம்)

ஃபைல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, ஒரு பையிலேர்ந்து ஆரம்பிங்க. ஆறு மாசம் முன்னாடி எடுத்த ஏதாவது ஒரு யூனிட் நம்பரை கண்ணை மூடிக்கிட்டு எடுங்க. டோனர் ஃபார்ம் இருக்கா, எச்.பி. (ஹீமோகுளோபின்) 12.5க்கு குறையாம இருந்துச்சா, முன்னாடி எப்ப ரத்தம் கொடுத்தாரு (ஆம்பளைக்கு 90 நாள், பொம்பளைக்கு 120 நாள் இடைவெளி வேணும்), பையோட லாட் நம்பர், ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா அஞ்சும் எந்த கிட்ல பார்த்தீங்க, அந்த கிட் எக்ஸ்பைரி என்ன, குரூப்பிங், கிராஸ் மேட்ச் (டோனர் ரத்தம் பேஷன்ட்டுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கறது), யார் இஷ்யூ பண்ணாங்க, எந்த பேஷன்ட்டுக்கு போச்சு. அப்புறம் அந்த பேஷன்ட்லேர்ந்து திரும்ப டோனர் வரைக்கும் வாங்க. வர்றவங்களும் இதைத்தான் பண்ணுவாங்க.

நான் பார்த்தவரைக்கும் நூல் அறுந்து போறது பெரும்பாலும் இஷ்யூவுக்கு அப்புறம்தான். பை வார்டுக்கு போயிடும், ரத்தம் ஏத்தறப்ப குளிர் வந்துச்சா, தடிப்பு வந்துச்சான்னு எழுதற ஃபார்ம் திரும்பியே வராது. வார்டு சிஸ்டருங்களை குத்தம் சொல்லாம, நேர்ல போயி ஒரு டீ குடிச்சு பேசுங்க, மெமோ அனுப்பறதை விட இது வேலை செய்யும். ரெகார்டு எல்லாம் 5 வருஷம் இருக்கணும்ங்கறதையும் மனசுல வச்சுக்கங்க, பழைய பேப்பர்னு எதையும் கிழிச்சிடாதீங்க.

சின்ன லேப் வச்சிருக்கேன். கன்ட்ரோல் (மெஷின் சரியா காட்டுதான்னு பாக்க ஓட்டற, விடை தெரிஞ்ச சாம்பிள்) வேல்யூ எல்லைக்கு வெளிய போனா, உள்ள வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டறோம். தப்பா?
(லேப் உரிமையாளர், கரூர்)

தப்புதான் சார். மொதல்ல பேஷன்ட் ரிப்போர்ட்டை நிறுத்தி வைங்க. கன்ட்ரோல் சரியா கரைஞ்சுதா, ரீஏஜென்ட் (டெஸ்ட் பண்ற ரசாயனம்) பழசா, மெஷினை சரி பாக்கற கேலிபரேஷன் எப்ப பண்ணீங்கன்னு தேடுங்க. வெளிய விழுந்த புள்ளியை, கன்ட்ரோல் வேல்யூவை தினமும் குறிக்கற லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்லேர்ந்து அழிக்காதீங்க, பக்கத்துல காரணத்தை எழுதுங்க. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடத்துலேர்ந்து ஈக்வாஸ் (லேப் சரியா பாக்குதான்னு வெளியிலேர்ந்து சோதிக்கற திட்டம்) சாம்பிள் வந்தாலும் அதுக்குன்னு தனி மரியாதை கொடுத்து மூணு தடவை ஓட்டி சராசரி போடாதீங்க, மத்த பேஷன்ட் சாம்பிள் மாதிரியே ஓட்டுங்க.

நான் ரத்த வங்கி ஹெல்ப்பர். இன்ஸ்பெக்ஷன்ல என்கிட்டயும் கேள்வி கேப்பாங்களா அம்மா? பயமா இருக்கு.
(பேர் வேணாம், மதுரை)

கேப்பாங்க கண்ணு. பை உடைஞ்சு ரத்தம் கொட்டிட்டா என்ன பண்ணுவ, எந்த கலர் கவர்ல போடுவன்னு கேப்பாங்க. மனப்பாடம் எதுவும் வேணாம், தினமும் கையுறை போட்டு எப்படி துடைக்கறியோ, பையை ஆட்டோகிளேவ் பண்ணி (நீராவில கிருமியைக் கொன்னு) மஞ்சள் கவர்ல எப்படி போடறியோ, அதை அப்படியே சொல்லு. தெரியாததை கேட்டா "தெரியாது சார், எங்க மேடத்தை கேட்டு செய்வேன்"னு சொல்லு.